‘விட’ என்றதும் ‘தேன்’ போடுகிறவர்களுக்கு

காரைக்குடியில் மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வெளிநாட்டு ஆளுக்கு அனுப்ப எழுதிய கடிதத்தைக் காட்டினான். பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, அதே மாதிரி ஒரு கடிதத்தில். ஒப்பிடும்போது ‘விட’ என்பதற்கு வருகிற, ஏ போட்ட ‘தேன்’ (than), ‘அப்புறம்’ என்பதற்கு வருகிற, ஈ போட்ட ‘தென்’ (then) குழப்பத்தையெல்லாம் விட்டுவிடுகிறேன், பத்து நாள் எழுதினால் தானாகச் சரியாகிவிடும்.

நாட் லெஸ் தேன், நாட் மோர் தேன்

தெரிந்தவர் பட்டறைக்காக நான் எழுதிய கடிதம் அது. இருபது நாளுக்குள் அனுப்பிவிடுவோம் என்று சொல்ல நினைத்து, டெண்டர் நோட்டீசில் பார்த்த சொல் எடுப்பாக இருக்கிறதே என்று ‘நாட் லெஸ் தேன் ட்வென்ட்டி டேஸ்’ என்று எழுதினேன். படித்தவர் குறைந்தது இருபது நாள், அதற்கு மேல் எத்தனையோ என்று புரிந்துகொண்டு ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாகச் சாயம் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல்; அதில் ஒரு குறையும் இல்லை, ஒரு சொல்லால் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

“அண்ணே, லெஸ்னா குறைவுதானே?” என்றான் தம்பி. முன்னால் ‘நாட்’ நிற்கிறதே! வேலை விளம்பரத்தில் ‘18 வயதுக்குக் குறையாமலும் 35 வயதுக்கு மிகாமலும்’ என்று வரும் இல்லையா, அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறையாமல் என்றால் நாட் லெஸ் தேன், மிகாமல் என்றால் நாட் மோர் தேன். அப்புறமும் சந்தேகம் இருந்தால் ‘விதின்’ போதும். தம்பியின் கடிதத்தில் அதைத்தான் போட்டோம்.

டு வர வேண்டிய இடம்

தமிழில் ‘விட’ ஒன்றே போதும், நல்லது என்ற சொல் மாறாது. இங்கிலீஷில் குட் என்பதே பெட்டர் ஆகிவிடும், அதனால் ‘மோர் பெட்டர்’ கூடாது. சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டுச் சொற்கள். இவற்றோடு ‘டு’தான் வரும். ப்ரிஃபருக்கும் அப்படியே: ‘ஐ ப்ரிஃபர் டீ டு காபி’.

எதை எதோடு

‘எங்கள் டைல்ஸ் இத்தாலியைவிட அழகு’ என்பதை அப்படியே மாற்றினால், இங்கிலீஷில் கல்லை ஒரு நாட்டோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தேன் தோஸ் ஆஃப்’ என்று எழுதுங்கள். கானாடுகாத்தானில் இருக்கிற ஒரு வீடு அந்த ஊரில் ‘எனி ஹவுஸ்’ஐவிடப் பெரியது என்றால், அந்த வீடும் அதற்குள் வந்துவிடுகிறது. ‘எனி அதர் ஹவுஸ்’ என்று போடுங்கள்.

ஃபியூவர், லெஸ்

எண்ணினால் ஃபியூவர், அளந்தால் லெஸ். நாள், பணம், தூரத்துக்கு மட்டும் எண் வந்தாலும் லெஸ்.

எல்டர், ஓல்டர்

எல்டருக்குப் பின்னால் ‘தேன்’ வராது, ஓல்டருக்குத்தான் வரும்.

லேட்டர், லாட்டர்

லேட்டர் நேரத்துக்கு. லாட்டர், இரண்டில் பின்னதுக்கு. மூன்று இருந்தால் லாஸ்ட்.