கடல்ல மீன்பிடிக்கிறத வீடியோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் தொழிலுக்குப் போற பசங்க நிறைய பேரு இப்ப யூடியூப்ல வீடியோ போடுறாங்க. அதப் பாத்துட்டு "அண்ணே நானும் ஒரு கேமரா வாங்கணும்"னு வர்ற தம்பிங்க எடுத்தவுடனே கேக்குறது 4கே வருமா 5கே வருமான்னு, அதாவது படம் எவ்வளவு துல்லியமா வரும்னுதான். அத கடைசியில பாத்துக்கலாம், உப்புத்தண்ணியும் வெயிலும் தாங்குமா, கடல்ல விழுந்தா கைக்கு வருமா, அத மொதல்ல பாருங்க.

படி 1: கேமரா எங்க நிக்கப்போகுது?

வலை இழுக்கும்போது ரெண்டு கையும் வேலையில இருக்கும், அதனால கையில புடிச்சு எடுக்குற நெனப்ப விட்டுருங்க. நெஞ்சுல மாட்டலாம், தலையில மாட்டலாம், இல்ல போட்டுல ஒரு கம்பு நட்டு அதுல மாட்டலாம். தலையில மாட்டுனா நீங்க திரும்புற பக்கமெல்லாம் படமும் திரும்பும், பாக்குறவனுக்கு மயக்கமே வந்துரும். தூண்டில் போடுறவங்களுக்கு நெஞ்சு நல்லா செட் ஆகும், தூண்டில் நரம்பும் கையும் ஃப்ரேம்லயே இருக்கும், ஆனா வலைக்காரங்க குனிஞ்சு இழுக்கும்போது போட்டு தரை மட்டும்தான் தெரியும். ஃபைபர் போட்டுல போறவங்களுக்கு நான் சொல்றது, பின்பக்கம் ஒரு உயரமான கம்பு வச்சு அணியத்தை, அதாவது போட்டோட முன்பக்கத்தைப் பாத்த மாதிரி மாட்டிருங்க, ஆளு, வலை, கடல் மூணும் ஒரே படத்துல வந்துரும்.

கேமராவ மாட்டுற மவுண்ட் ஒட்டுற மாதிரி இருந்தா கெளம்புற அன்னைக்கு ஒட்டாதீங்க, எடத்த நல்லா கழுவி காயவச்சு ஒரு நாள் முன்னாடியே ஒட்டணும். அதுக்கு மேல கேமராவுல ஒரு கயிறும் கட்டணும், கடைக்குப் போயி வாங்க வேண்டாம், போட்டுல கெடக்குற தடி நரம்பே போதும். இந்த கேமராலாம் தண்ணியில மிதக்காது, நேரா கீழ போயிரும், ஆரஞ்சு கலர் மிதவை ஒண்ணு மாட்டிக்கிட்டா தேடி எடுக்கலாம்.

படி 2: தண்ணி

போன்ல ஐபி68னு தண்ணி, தூசி தாங்குற ரேட்டிங் இருக்கே, போதாதான்னு கேப்பீங்க. அது நல்ல தண்ணியில லேப்ல வச்சு டெஸ்ட் பண்ணது, கடல் தண்ணி உள்ள போயி கெட்டா பெரும்பாலும் வாரண்டி கெடைக்காது. ஆக்‌ஷன் கேமராதான் இதுக்கு சரி, உடம்புலயோ போட்டுலயோ மாட்டிக்கிற தண்ணி தாங்குற சின்ன கேமரா அது. கோப்ரோ கம்பெனியோட ஹீரோ 9, 10, 11, 12 எல்லாம் தண்ணி புகாத கேஸ் மேல மாட்டாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும், டிஜேஐ கம்பெனியோட ஆக்‌ஷன் 4 மாடல் 18 மீட்டர் தாங்கும். போட்டுக்கு மேல எடுக்குறதுக்கு இதுவே அதிகம். கேஸ் போட்டா சத்தம் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி அமுங்கிரும், அதனால தண்ணிக்கு அடியில எடுக்கும்போது மட்டும் போடுங்க.

ஆனா இந்த மீட்டர் கணக்கெல்லாம் பேட்டரி மூடி சரியா மூடியிருந்தாதான். உள்ள ஒரு ரப்பர் ஓரம் இருக்கும்ல, அதுல ஒரு உப்புக்கல்லோ நூலோ ஒட்டியிருந்தா போதும், தண்ணி உள்ள போயிரும். கரையிலயே மூடிய தொறந்து காஞ்ச துணியால துடைச்சு, பாத்து மூடிட்டுத்தான் ஏறணும்.

படி 3: பேட்டரி, கார்டு

விடியக்காலம் ரெண்டு மணிக்கு கெளம்புனா மதியம்தான் வருவீங்க, 4கேல வச்சா ஒரு பேட்டரி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓடும், வெயில்ல சூடாகி அதுக்கு முன்னாடியே நின்னாலும் நிக்கும். பவர் பேங்க் போட்டுக்கலாம்னா அதுக்கு மூடிய தொறந்து வைக்கணும், அலை தெறிக்கிற எடத்துல அது ஆகாது. ரெண்டு மூணு பேட்டரி கூட வாங்குறதுதான் வழி.

இங்கதான் மீன்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வசதி இருக்கு. கோப்ரோவுல ஹைண்ட்சைட்டுன்னு இருக்கும், ஹீரோ 9ல இருந்து வருது, பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி நடந்த 15 இல்ல 30 செகண்டும் சேந்து பதிவாகும், டிஜேஐல இத ப்ரீ ரெக்னு சொல்வாங்க. மீன் கடிச்சு நரம்பு விர்ருன்னு ஓடுற அந்த நேரத்துல எவன் போயி பட்டன் அமுக்குவான்? பாத்துட்டு அப்புறமா அமுக்குனா போதும். கொஞ்சம் பேட்டரி தின்னும், அதனால மீன் மாட்டுற நேரத்துல மட்டும் ஆன் பண்ணி வைங்க.

மெமரி கார்டு வி30ன்னு போட்டத வாங்குங்க, செகண்டுக்கு 30 எம்பியாவது எழுதும்னு அர்த்தம். 60 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 60 மெகாபிட்) எடுத்தா மணிக்கு 27 ஜிபி, 100ல எடுத்தா 45 ஜிபி, அத வச்சு எத்தன ஜிபி கார்டு வேணும்னு கணக்கு போட்டுக்கோங்க. யூடியூப்ல போன்ல பாக்குறவங்கதான் ஜாஸ்தி, என்னைக் கேட்டா ஆரம்பத்துல 4கேவ விட கம்மியான 1080பியே போதும்.

படி 4: இருட்டு

இத யாரும் யோசிக்கிறது இல்ல. நம்ம வேலையில பாதி இருட்டுலதான் நடக்குது. வெளிச்சத்த வாங்குற சென்சார் சின்னதா இருந்தா படம் பூரா புள்ளி புள்ளியா வரும், ஆக்‌ஷன் 4ல 1/1.3 இன்ச், ஹீரோ 11, 12ல 1/1.9 இன்ச், இந்த மாதிரி நம்பர்ல கீழ இருக்குற எண் சின்னதா இருந்தா சென்சார் பெருசுன்னு அர்த்தம். ராத்தூண்டில் போடுறவங்க 4கேவ விட இதத்தான் மொதல்ல பாக்கணும்.

சத்தத்தப் பத்தி ரெண்டே வார்த்தை. இன்ஜின் ஓடும்போது பேசுனா ஒண்ணும் கேக்காது, வீட்டுக்கு வந்து தனியா பேசி வாய்ஸ் ஓவர் குடுங்க.

படி 5: லென்ஸும் கழுவுறதும்

அலைத்தண்ணி லென்ஸ்ல ஒரு சொட்டு நின்னு காஞ்சுச்சுன்னா வெள்ளையா ஒரு வளையம் விழும், மீன் புடிச்ச கையோட தொட்டா கொழகொழன்னு ஒரு படலம் வேற, நல்லா இருந்த வீடியோ பூரா மங்கிரும். லுங்கி முனையால தேய்க்காதீங்க, காஞ்ச உப்பு கண்ணாடிய கீறிரும், குடிக்கத் தண்ணி இருக்குல்ல, அதுல கொஞ்சம் ஊத்திட்டு அப்புறம் துடைங்க. பலகை வச்சு அலையாடுற சர்ஃபிங்காரங்க லென்ஸ நாக்கால நக்கிட்டு தண்ணியில ஒரு முக்கு முக்குவாங்க, சொட்டு சொட்டா நிக்காம வழிஞ்சிரும். அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா வேலை செய்யும்.

கரைக்கு வந்ததும் மூடிய தொறக்காம கேமராவ ஒரு வாளி நல்ல தண்ணியில கால் மணி நேரம் ஊறப்போடுங்க, பட்டன் சந்துல இருக்குற உப்பெல்லாம் கரையட்டும். மவுண்ட் திருகையும் கழட்டி கழுவுங்க, இல்லேன்னா துரு ஏறி இறுகிப்போயிரும்.

கையில காசு கம்மின்னா பழசு வாங்குங்க, தப்பில்ல. பேட்டரி உப்பியிருக்கா, மூடி ரப்பர் கிழிஞ்சிருக்கா, பேட்டரி போடுற எடத்துல பச்சையா துரு இருக்கான்னு பாருங்க. ஹீரோ 9ல இருந்து லென்ஸ் மேல இருக்குற கண்ணாடிய கழட்டி மாத்திக்கலாம், கீறல் இருந்தாலும் புதுசு வாங்கி போட்டுக்கலாம். ஹீரோ 8ல அது கழட்ட வராது, கீறல் விழுந்தது வந்தா எவ்வளவு மலிவா குடுத்தாலும் வாங்காதீங்க.