காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய கார்: எங்கிருந்து தேடுவது?

சூடாக இருந்தால் சாவியைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆகும். இரவெல்லாம் நின்று ஆறிவிட்டால் மட்டும் நான்கைந்து முறை செல்ஃப் அடிக்க வேண்டும். பிடித்தாலும் உதறிக்கொண்டே நிற்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப். என் பழைய பெட்ரோல் கார் மூன்று மாதம் இப்படிப் படுத்தியது. பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், நல்ல பெட்ரோல் பம்பையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். கடைசியில் கோளாறு விரல் நுனி அளவு சென்சார் ஒன்றில் இருந்தது. எந்த வரிசையில் தேடியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்குமோ, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது ஃப்யூல் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு. கார்புரேட்டர் என்றால் முதலில் சோக் தகடு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே: இந்த நோய் ஆறிய எஞ்சினில்தான் தெரியும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது, அடுத்தது மறுநாள் காலைதான். அதனால் நாளைக்கு என்ன பார்க்கப்போகிறோம் என்பதை இரவே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. பேட்டரி

மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையும் முனைகளையும் முதலில் சரி செய்யுங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

2. சாவியை மூன்று முறை திருப்புங்கள்

சாவியை ஆன் நிலையில் வைத்தால் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகும். செல்ஃப் அடிக்காமல் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டென்று பிடித்தால், இரவில் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்பில் பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் இந்த மூன்றில் ஒன்று. எதுவுமே மாறவில்லை என்றால் பம்பைத் தொடாதீர்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல்தான் நான் பம்ப் வாங்கினேன்.

3. கூலன்ட் சென்சார் (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஆறிய எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) முடிவு செய்வது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பார்த்துத்தான். குளிர்ந்த எஞ்சினை "சூடாக இருக்கிறது" என்று சென்சார் சொன்னால், பெட்ரோல் குறைவாகவே போகும், ஐடிலையும் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) இசியு உயர்த்தி வைக்காது. ஸ்டார்ட் ஆகாது, ஆகிவிட்டாலும் உடனே ஆஃப் ஆகிவிடும். எஞ்சின் நிஜமாகவே சூடானதும் பொய் உண்மையாகிவிடுவதால் எல்லாம் சரியாகிவிடும்.

இது எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியதுதான். ஆனாலும் மூன்று முறை ஏமாந்தேன்.

முதலில் டேஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள். காலையில் அடியில், ஓட்டினால் நடுவில் என்று ஒழுங்காக நின்றது. சென்சார் நல்லது என்று விட்டுவிட்டேன். பல பழைய வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், இசியுவுக்கு வேறு சென்சார். ஒற்றை வயர் உள்ளது பெரும்பாலும் முள்ளுக்கானது. இரண்டு வயர் உள்ளதைத்தான் நாம் தேடுகிறோம்.

அடுத்து ஸ்கேனர். கோளாறைச் சொல்லும் கோட் எதுவும் இல்லை. வயர் அறுந்தால் பி0118, ஷார்ட் ஆனால் பி0117 வரும். ஆனால் சென்சார் 60 டிகிரி என்று நம்பும்படியாகப் பொய் சொன்னால் இசியு அதை அப்படியே நம்பிவிடும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியாது.

மூன்றாவதுதான் வெட்கக்கேடு. மாலையில் ஓட்டி வந்து, கனெக்டரைக் கழற்றி ஓம் அளந்தேன். 220. எல்லைக்குள்தான் இருந்தது. சரி என்று மாட்டிவிட்டேன்.

ஆறிய பிறகு அளந்திருக்க வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,500 ஓம் வரையும், 80 டிகிரியில் 200 முதல் 400 வரையும் காட்டும் (உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரியான எண் இருக்கும்). ஒரு வாரம் கழித்து, விடிந்ததும் பானெட்டைத் திறந்து அளந்தேன். 580. தொட்டால் ஜில்லென்று இருக்கும் எஞ்சினை அறுபது டிகிரி என்கிறது! கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்களைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு.

புதிது வாங்குமுன் உறுதி செய்ய ஒரு வழி உண்டு. 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, கால்களை வளைத்து, வயர் பக்கக் கனெக்டரின் இரண்டு ஓட்டைகளிலும் செருகுங்கள். எஞ்சின் இருபத்துச் சொச்சம் டிகிரியில் இருப்பதாக இசியு நினைத்துக்கொள்ளும். செருகினேன், சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்து 1,300 ஆர்பிஎம்மில் நின்றது. மூன்று மாதம் கழித்து! சோதனை முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனை இசியு ஓட விடுவதும் இந்தச் சென்சார் சொல்வதைப் பார்த்துத்தான்.

சென்சாரை ஆறிய எஞ்சினில் மட்டும் கழற்றுங்கள். புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றினால் கொஞ்சம் கூலன்ட்தான் சிந்தும். சிந்திய அளவு ஊற்றிவிடுங்கள்.

4. காற்றுக் கசிவு

சென்சார் நல்லது என்றால் அடுத்த சந்தேகம், எஞ்சினுக்குள் வேறு வழியாகக் காற்று புகுவது. வெடித்த வாக்குவம் ஹோஸ், திறந்தே நிற்கும் பிசிவி வால்வு (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை உள்ளிழுக்க விடுவது), காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் கேஸ்கெட். கேஸ்கெட் கசிவு சில சமயம் குளிரில் மட்டும் வந்து, சூடானதும் அடைந்துகொள்ளும், அதனால் இதையும் காலையிலேயே பாருங்கள்.

பலரும் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். தீப்பிடிக்கும் சரக்கை ஓடும் எஞ்சின் மேல் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் போதும். காயில், பிளக் வயர் பக்கம் போகாமல், ஹோஸ் இணைப்புகளில் மெல்ல அடியுங்கள். எங்கே ஐடில் மாறுகிறதோ அங்கே ஓட்டை.

ஸ்கேனர் இருந்தால் ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோலை இசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். ஐடிலில் +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான்.

5. த்ராட்டில் பாடி

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் பாகம் இது. கரி படிந்திருந்தால் அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் உடையலாம்.

கருவிகளைப் பற்றிக் கேட்டால்: முதலில் மல்டிமீட்டர், அப்புறம்தான் ஸ்கேனர். கோட் வராத கோளாறுதான் என்னை மூன்று மாதம் அலையவிட்டது. ஸ்கேனர் வாங்கினாலும் லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்லும் அளவுகள்) காட்டுவதாக வாங்குங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் ஸ்கேனரும் இதைக் காட்டியிருக்கும், நான்தான் கோட் பக்கத்தைத் தாண்டவில்லை.

பின்சேர்க்கை: த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின் ஐடில் 1,500லேயே நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கரியோடு ஓடிப் பழகிய இசியு, தகட்டை இன்னும் அதே அளவுக்குத் திறந்து வைக்கிறது. மேனுவலில் உள்ள ஐடில் ரீலேர்ன் முறையை (இசியுவுக்கு ஐடிலைப் புதிதாகப் பழக்குவது) செய்யுங்கள். எஞ்சின் சூடானபின் 700 முதல் 850க்குள் இறங்கினால் போதும். ஆறிய எஞ்சினில் 1,200க்கு மேல் நிற்பது கோளாறே இல்லை.

இன்னொன்று: நிறைய நேரம் செல்ஃப் அடித்துப் பெட்ரோல் வாடை வந்துவிட்டால், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர்கள் நின்று, காற்று மட்டும் உள்ளே போகும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.