முகப்பரு: மெடிக்கல் ஷாப் டியூபுக்குக் கை நீட்டும் முன்

நம்ம தஞ்சாவூர், மாயவரம் பக்கம் பரு வந்தால் "உடம்புச் சூடு" என்று முடித்துவிடுவார்கள். சூடு காரணமில்லை, அழுக்கும் இல்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும், அது செத்த தோலோடு சேர்ந்து மயிர்க்காலை அடைக்கும், உள்ளே ஒரு வகை பாக்டீரியா பெருகும், அப்புறம் சிவந்து வீங்கும். அதனால் கடலை மாவு போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்தால் வீக்கம்தான் கூடும். காலை, மாலை இரண்டு வேளை மென்மையான சோப்பில் கழுவினால் போதும்.

நெற்றியிலும் காதோரத்திலும் மட்டும் பொடிப் பொடியாக வருகிறதா? தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயைச் சந்தேகப்படுங்கள். வழித்து வாரிப் பின்னிய தலையோடு பஸ் ஏறினால், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் முன்னே எண்ணெய் நெற்றிக்கு இறங்கிவிடும். எண்ணெய் வைக்கத்தான் வேண்டுமென்றால் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள்.

மருந்துக்கு வருவோம். லேசான பருவுக்கு 2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல் நல்லது, ஆனால் துண்டு, சட்டை எதில் பட்டாலும் சாயத்தை வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளி (பிளாக்ஹெட்), வெள்ளை முனைப் பொடிப் பரு (ஒயிட்ஹெட்) நிறைய இருந்தால் டாக்டர் 0.1% அடாபலீன் என்ற பூசும் ஜெல் தருவார். இரவில், பட்டாணி அளவு, பருவின் மேல் மட்டும் இல்லாமல் பரு வரும் இடம் முழுக்க. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரியும், எரியும், பயப்பட வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் போடுங்கள். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், பாதிப் பேர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கர்ப்பிணிகள் அடாபலீன் பக்கமே போகக்கூடாது.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். "பரு கிரீம் குடுங்கண்ணே" என்றதும் சில கடைகளில் எடுத்து நீட்டும் டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. நாலே நாளில் முகம் பளபளக்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், தோல் மெலிந்து சிவக்கும், முடிகூட முளைக்கும். பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறீர்கள் என்றால் அந்த டியூபையே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள்.

கட்டி கட்டியாக, வடு விழும்படி பரு வந்தாலும் தோல் டாக்டரிடம்தான் போகவேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினோயின் மாத்திரையை டாக்டர் எழுதினால், பெண்கள் கர்ப்பம் பற்றி அவரிடம் வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும், வயிற்றில் உள்ள குழந்தையை அது கடுமையாகப் பாதிக்கும். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மகளிர் நல டாக்டரிடமும் அனுப்புவார்.