பீரோ கதவில் 52 கட்டங்கள்

வருட இலக்குகளை டைரியில் எழுதி மூடி வைத்தால் பிப்ரவரியிலேயே மறந்துபோகும். இலக்குக்கு ஒரு தாள் எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக 52 கட்டம் போட்டு, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எழுதும் விதம்தான் முக்கியம். ‘வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும்’ என்றால் எதை வைத்து டிக் போடுவது? ‘வாரம் ஒரு டிராயர்’ என்றால் சந்தேகமே வராது. கடனை அடைப்பதுதான் இலக்கா, மாதக் கடைசிக் கட்டத்தில் மீதித் தொகையைக் குறித்தால் போதும். வீட்டில் ஆளுக்கொரு நிறப் பேனா. (டிக் விட்டுப்போனால் பிள்ளைகள்தான் முதலில் நம்மைப் பிடிப்பார்கள்!)

விட்டுப்போன வாரம் காலியாகவே இருக்கட்டும், அப்புறமாக நிரப்பாதீர்கள். 13-வது கட்டத்தோடு கால் வருடம் முடிகிறது. அதற்குள் பாதிக்கு மேல் காலி என்றால் இலக்கைச் சின்னதாக்குங்கள். தினமும் நடப்பது என்பதை வாரம் 4 நாளாகக் குறைத்த பிறகுதான் என் தாளில் டிக் விழ ஆரம்பித்தது.