வீடு ஒன்று, கேட்பவர் நான்கு பேர்: வேலூரில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை காட்பாடி காந்திநகரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். கிழக்குப் பார்த்த வாசல், பின்பக்கம் கிணறு, கொஞ்சம் பழைய கட்டடம். மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் புரோக்கர் போன் செய்தார். "சார், இன்னும் மூணு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கே அட்வான்ஸ் குடுக்குறேன்னு ஒருத்தர் சொல்லிகினு இருக்காரு. நீங்க ஒரு ரேட் சொல்லுங்க." உடனே இரண்டு லட்சம் ஏற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை இன்னும் ஒரு லட்சம். வியாழக்கிழமை வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டது. நான் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு.

காரணம் பிறகுதான் தெரிய வந்தது. அது காலமான அப்பாவின் வீடு. நான் பேசிக்கொண்டிருந்தது மகனிடம் மட்டும். இரண்டு மகள்கள் இருந்தார்கள்; மூத்தவர் குடியாத்தத்தில். வாங்கியவர் அந்த அக்காவை வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று பேருக்கும் அவரவர் பங்கைத் தனித்தனி டிமாண்ட் டிராப்டாகப் பதிவு அன்றே கையில் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டு எப்போது தருவாரோ என்ற கவலை அக்கா தங்கை இருவருக்கும் அத்தோடு தீர்ந்தது. என் மூன்று லட்சம் யாருடைய கவலையையும் தீர்க்கவில்லை.

அதன்பிறகு எங்களுக்காகவும், உறவினர்கள் இரண்டு மூன்று பேருக்காகவும் அலைந்ததில் ஒன்று உறுதியாகப் புரிந்தது. விற்கிறவருக்கு விலையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: இந்த ஆள் சொன்ன தேதியில், சொன்ன பணத்தோடு, பதிவு அலுவலகத்துக்கு வந்து நிற்பாரா? அந்தப் பயத்தைப் போக்குகிறவருக்கே வீடு முடிகிறது. நாம் செய்யும் தவறுகள் எல்லாம் அந்தப் பயத்தை மறந்துவிட்டு வேறு வழியில் முந்தப் பார்ப்பதில் வருகின்றன.

ஏலம் மாதிரி ஏற்றிக்கொண்டே போவது

"யார் எவ்வளவு சொன்னாலும் அதுக்கு மேல ஒரு லட்சம் போட்டுக்கோங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகு விலையைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை; இல்லாத ஒரு பார்ட்டிகூட அதை ஏற்றிவிட முடியும்.

வங்கிக் கடனில் வாங்குகிறவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை 60 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் தரலாம். அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் நம் கையிலிருந்து. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு (விற்பனைப் பத்திரத்துக்கு) முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தச் செலவை வங்கி வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிடாது. ஆக 17 லட்சத்து 40 ஆயிரம் நம்மிடம் ரொக்க இருப்பாக வேண்டும்.

இப்போது போட்டியில் 66 லட்சத்துக்கு ஏற்றிவிட்டோம் என்று வையுங்கள். வங்கியின் மதிப்பீட்டு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு வீடு 58 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டார். கடன் 58 லட்சத்தில் 80 சதவீதம். 46 லட்சத்து 40 ஆயிரம். நாம் போட வேண்டியது 19 லட்சத்து 60 ஆயிரம். பதிவுச் செலவு 66 லட்சத்துக்கு 5 லட்சத்து 94 ஆயிரம். மொத்தம் 25 லட்சத்து 54 ஆயிரம். விலையில் ஏற்றியது 6 லட்சம். கையிலிருந்து கூடுதலாகப் போவது 8 லட்சத்துக்கு மேல். அதைப் புரட்ட முடியாமல் கடைசி வாரத்தில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்த அட்வான்ஸும் சிக்கிக்கொள்ளும், விற்கிறவரின் மூன்று மாதமும் வீணாகும்.

ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து உச்ச விலை ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். அதே தெருவில் சமீபத்தில் முடிந்த விலையை இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் சந்தை விலை அதிலிருந்து பெரிதும் விலகியிருக்கக்கூடும். அதை மட்டும் வைத்துப் பேரம் பேசினால் எடுபடாது.

ரொக்கத்தைக் காட்டி மயக்குவது

"பாதி பணம் கையில வெச்சுடுறேன், பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம்." போட்டி வந்தால் முதலில் எடுக்கப்படும் ஆயுதம் இதுதான். இதை நேர்மைக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அட்வான்ஸும் இதில் அடங்கும். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். அந்த அபராதம் விழுவது பணத்தைக் கையில் வாங்கிய விற்பனையாளர் மேல். நாம் சலுகை என்று நினைத்துக் கொடுப்பது அவருக்கு வைக்கும் கண்ணி.

பத்திரத்தில் குறைத்துப் போட்டால் நமக்கும் கடன் குறையும். நாளை நாமே விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகக் காட்டப்பட்டிருப்பதால் லாபம் கூடித் தெரியும், வரியும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏதாவது தகராறு வந்தால் கொடுத்த ரொக்கத்துக்கு என்ன சாட்சி?

முழுத் தொகையும் வங்கி வழியாக, முழுத் தொகையும் பத்திரத்தில் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பணிஓய்வு பெற்றவர்கள், அரசு ஊழியர்கள், வரிக் கணக்கு சரியாக வைத்திருப்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். சிலருக்குப் பிடிக்காது, அந்த வீடு நமக்கு வேண்டாம்.

இன்னொன்றும் அப்போதே சொல்லுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். கடைசி நாளில் இதைச் சொன்னால் "அறுபதாயிரத்தைக் குறைக்கப் பார்க்கிறான்" என்று விற்கிறவர் நினைப்பார். துபாயிலோ அமெரிக்காவிலோ குடியிருப்பவர் விற்கிறார் என்றால் இந்த 1 சதவீத விதி பொருந்தாது. பிடித்தம் வேறு, அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் தொகை பேசாதீர்கள்.

பத்திரம் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்றவர்கள் எதையும் கேட்காமல் அட்வான்ஸ் நீட்டுகிறார்கள், நாம் மூலப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரம்), வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) என்று இழுத்தால் வீடு போய்விடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

சரிபார்ப்பைக் கைவிட வேண்டியதில்லை, வேகப்படுத்தினால் போதும். "பத்திர நகல் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளில் வக்கீலிடம் கருத்து வாங்கி, வாங்குகிறோமா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். விற்கிறவருக்கு அது எரிச்சலாக இருக்காது. ஏழு நாளில் ஒரு முடிவு கிடைக்கும் என்பது அவருக்கும் லாபம்தான். அதற்கு வக்கீலை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வில்லங்கத்தை விற்கிறவரிடம் கேட்டுக் காத்திருக்காமல் நாமே இணையத்தில் பார்த்துவிடலாம்; பட்டாவும் அப்படியே.

நம் வேலூர்ப் பக்கத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. பழைய பத்திரங்களில் மாவட்டம் வட ஆற்காடு என்றே இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. ஊராட்சியாக, நகராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்த இடங்களில் சர்வே எண் விவரமும் மாறியிருக்கலாம். பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே மனையைத்தான் குறிக்கின்றனவா என்பதை வக்கீல் ஆவணத்தில் காட்ட வேண்டும். சத்துவாச்சாரியில் வீட்டுவசதி வாரிய வீடுகள் நிறைய. ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று முதலிலேயே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையில் கட்டிய வீடாக இருந்தால் வரன்முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிக் கடன் பெரும்பாலும் நடக்காது.

பிறகு, வாரிசுகள். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, இறந்தவரின் தாய் எல்லாருக்கும் பங்கு உண்டு. இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கின் அளவு வேறு, ஆனால் மகளுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது சார்" என்பது கையெழுத்து ஆகாது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அவர் கொடுக்கும் அதிகார ஆவணம் (பவர்) அங்கே முறையாகச் சான்றளிக்கப்பட்டதா, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

தேதி இல்லாமல் பேசுவது

"லோன் வந்ததும் முடிச்சுடலாம்" என்ற பதிலைக் கேட்டு விற்கிறவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். வீடு தேடும் முன்பே வங்கியில் சம்பளச் சீட்டு, வருமான வரி விவரம் கொடுத்து எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது அந்த வீட்டுக்கான ஒப்புதல் ஆகாது, நம் தகுதிக்கானதுதான். அதையும் விற்கிறவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சம்பள விவரத்தை மறைத்துவிட்டுக் கடன் தொகை தெரியும் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும்.

அதோடு ஒரே ஒரு தாள். விலை, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த வங்கி வழியாக, ஒப்பந்தம் எந்தத் தேதி, கிரயம் எந்தத் தேதி, பத்திரத்தில் குறை இருந்தாலோ வங்கி இந்த வீட்டுக்குக் கடன் மறுத்தாலோ அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், மோட்டார், மின்விசிறி, இன்வெர்ட்டர் யாருக்கு, வாடகைக்கு இருப்பவர் எப்போது காலி செய்வார். இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள் வேலூரில் எத்தனை பேர் இருப்பார்கள்? வாயால் சொன்ன நான்கு பார்ட்டிகளுக்கு நடுவே அந்தத் தாள் தனியாகத் தெரியும்.

விற்கிறவருக்கு என்ன தேதி வசதி என்று கேட்கவும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை அவர்களுக்கு அந்த வீடு தேவைப்படலாம். இரண்டு மாதம் அவர்களை இருக்க விடுவது நமக்குச் சிறிய செலவு. எழுத்தில் போட்டுக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

பேச்சு முடிந்ததும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும். அடுத்து வருகிறவர் கண்ணில் படும்.

முறையில்லாத வழிகள்

மற்ற பார்ட்டியைப் பற்றி "அவருக்கு லோன் கிடைக்காது, நான் விசாரிச்சேன்" என்று கிளப்பிவிடுவது. புரோக்கருக்குத் தனியாகப் பணம் கொடுத்து மற்றவர்களை வீடு காட்ட விடாமல் செய்வது. "நாங்களும் உங்க ஆளுங்கதான்" என்று சாதியையோ மதத்தையோ தூக்கிக் காட்டுவது. இந்தக் கடைசியை நம் ஊரில் தவறு என்றே பலர் நினைப்பதில்லை. வீடு கேட்டு அலைந்து, பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. நமக்கு வீடு கிடைக்கும் என்பதற்காக அந்தக் கதவுக்கு நாமும் ஒரு தாழ்ப்பாள் போடக் கூடாது.

ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிவிட்டவரிடம் "அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க, நான் கூடத் தர்றேன்" என்பது இன்னும் மோசம். முந்தைய ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே வாங்கினால், முதலில் ஒப்பந்தம் போட்டவர் நம் மேலேயே வழக்குப் போட முடியும். தெரியாமல், நல்லெண்ணத்தில், விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

விலை பேசி முடித்த பிறகு, மற்ற பார்ட்டிகள் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும், சுவரில் விரிசல் என்று ஒரு லட்சம் குறைக்கக் கேட்பதும் இதே வகைதான். குறையைப் பார்க்க வேண்டிய நேரம் விலை சொல்வதற்கு முன்பு.

கிடைக்காவிட்டால்

ஆனி மாதத்தில் சத்துவாச்சாரியில் இன்னொரு வீடு பார்த்தோம். எழுதிய தாள் கொடுத்தோம், ஏழு நாளில் பத்திரம் பார்த்தோம். ஆனாலும் முழுப் பணமும் உடனே தருகிறேன் என்ற ஒருவருக்கு அது போயிற்று. இந்த முறை நான் கோபப்படவில்லை. அந்த அம்மாவிடம், "உங்களுக்கு நல்லபடியா முடியட்டும்மா. ஒருவேளை நின்னுபோனா எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க, நாங்க சொன்ன விலையும் கணக்கும் அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும், போன் வந்தது. முழுப் பணம் என்றவர் தன் மனையை விற்றுத்தான் தர வேண்டுமாம், அது விற்கவில்லை. ஆடியில் யாரும் வீடு பார்க்க வருவதில்லை, அந்த அம்மாவும் விலையைக் குறைத்துத்தான் ஆரம்பித்தார். நாங்கள் ஆனியில் எழுதிக் கொடுத்த விலையையே சொன்னோம். அந்த மாதம் முழுக்க வங்கியின் வக்கீல் கருத்தும் மதிப்பீடும் நடந்தன. ஆவணியில் முதல் முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டுப் பதிவு செய்தோம். மழைக்கு ஒழுகும் மாடி அறையின் மூலையை அந்த அம்மாவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.