உளுந்து பிடுங்கிய வயலில் ஒரு நீலத் திமிங்கலம்: பிள்ளைகளோடு நூறு அடிக்கு வரைவது எப்படி?

நீலத் திமிங்கலத்தின் நீளம் 30 மீட்டர் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். புத்தகத்தில் அது விரல் நீளத்துக்கு இருக்கும். அடுத்த பக்கத்தில் யானையும் விரல் நீளத்துக்குத்தான் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று மனசில் பதிந்துவிடுகிறது. அந்த 30 மீட்டரைக் காலால் நடந்து பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. நாலு வருஷமாகச் சித்திரை மாதத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு இதைச் செய்கிறேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வரையத் தெரியாதவர்களும் செய்யலாம். ஒரு சாயங்காலம் போதும்.

இடமும் நேரமும்

சம்பா அறுத்து, உளுந்தும் பிடுங்கியாகிவிட்ட வயல்தான் இதற்கு ஏற்றது. பள்ளிக்கூடம் லீவு, மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை வயலிலும் வேலை இல்லை. ஒரு மா நிலம் இருந்தால் சரியாக இருக்கும். நம் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, நூறு குழி ஒரு மா. சதுரமான ஒரு மா என்றால் பக்கத்துக்கு 120 அடி. நூறு அடித் திமிங்கலம் அதில் படுத்தால் தலைமாட்டில் பத்தடி, கால்மாட்டில் பத்தடிதான் மிஞ்சும். பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லாதீர்கள். வரைந்து முடித்ததும் அவர்களே சொல்வார்கள்.

யாருடைய வயலோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாளம் பாளமாக வெடித்த வயல் வேண்டாம், சின்னக் கால்கள் மாட்டிக்கொள்ளும். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு இறங்கினால் இருட்டுவதற்குள் முடிந்துவிடும்.

வேண்டியவை

வரிசை நடவுக்குப் பிடிக்கிற கயிறு, 100 அடிக்குக் குறையாமல். முழங்கை நீளத்தில் இருபது முளைக்குச்சி. கொத்தனார் டேப் ஒன்று. நாலு படி கோலமாவு. சிவப்புக் கோலப்பொடி ஒரு பாக்கெட். ஒரு தென்னம் பன்னாடை. ஒரு கைப்பிடி காய்ந்த சென்னாக்கூனி, அதாவது பொடி இறால். கடைசி இரண்டும் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும்.

1. முதுகெலும்புக் கோடு

வயலின் நடுவில் கயிற்றை முழுசாக இழுத்து இரண்டு முனையிலும் முளை அடியுங்கள். கயிற்றை நீட்டிப் பார்க்காமல் வரைய ஆரம்பிக்காதீர்கள். முதல் வருஷம் நான் வாலில் ஆரம்பித்துக் கண்மதிப்பில் வந்தேன். தலை வரப்பில் முட்டியது, எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு முனை மூக்கு, மறுமுனை வால். மூக்கிலிருந்து பத்தடிக்கு ஒரு முளை வைத்து, கோலமாவால் எண் எழுதுங்கள். 80 அடியில் வரும் முளைக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டுங்கள். நூறு அடி என்பது அண்டார்டிகா பக்கத்துப் பெரிய திமிங்கலத்தின் அளவு. நம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நீலத் திமிங்கலம் கொஞ்சம் குட்டையான வகை, 24 மீட்டருக்குள் அடங்கும். அதன் எல்லைதான் அந்தச் சிவப்புத் துணி. திருக்கோணமலைக் கடலில் அவற்றைப் படகில் போய்ப் பார்க்கிறார்கள். கோடியக்கரையிலிருந்து திருக்கோணமலை நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்குள்தான். நமக்கு எதிரே உள்ள பாக் நீரிணை ஆழமில்லாதது. திருக்கோணமலையிலோ கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது, அதனால் திமிங்கலங்கள் அங்கே கரைக்கு அருகில் வருகின்றன.

2. உடம்பின் ஓரம்

மேலிருந்து பார்த்த மாதிரி வரைவதுதான் எளிது. 30ஆவது அடியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏழடி, அந்தப் பக்கம் ஏழடி தள்ளி முளை வையுங்கள். அதுதான் உடம்பின் அகலமான இடம். அங்கிருந்து தலைப்பக்கம் கவிழ்த்த படகு போல வளைந்து கூடட்டும். வால்பக்கம் மெல்ல ஒடுங்கி 90ஆவது அடியில் இரண்டடி அகலத்துக்கு வரட்டும். 30ஆவது அடியை ஒட்டி இரு பக்கமும் பன்னிரண்டு அடி நீளத் துடுப்புகள், பின்னோக்கிச் சாய்ந்தபடி. 75ஆவது அடியில் நடுமுதுகில் ஒரு சின்ன முக்கோணம், ஓரடிதான். அவ்வளவு பெரிய உடம்புக்கு முதுகுத் துடுப்பு அத்தனை சிறியது.

குச்சியால் கீறி, ஒருமுறை நடந்து பார்த்துச் சரிசெய்துவிட்டுக் கோலமாவைத் தூவுங்கள். பெரியவர் ஒருவர் தூவினால் போதாது. ஆளுக்குப் பத்தடி பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

3. வால், அப்புறம் ஒரு ஆடு

வாலின் முனையில் குறுக்காக 25 அடிக்கு இரண்டு இறக்கை. இங்கே ஒரு கேள்வி போடுங்கள்: "மேலிருந்து பார்த்தால் கெண்டை மீனின் வால் இப்படி விரிந்து தெரியுமா?" தெரியாது. மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், மேலிருந்து வெறும் கோடாகத்தான் தெரியும். மீன் வாலைப் பக்கவாட்டில் அடித்து நீந்துகிறது, திமிங்கலம் மேலும் கீழும் அடித்து நீந்துகிறது.

ஏன் என்று தெரிய, பக்கத்தில் மேயும் ஆடு ஒன்றை ஓட விட்டுப் பாருங்கள். ஓடும்போது அதன் முதுகு மேலும் கீழும் வளையும். திமிங்கலத்தின் முன்னோர்கள் நாலு காலில் தரையில் நடந்தவை. கடலுக்குப் போன பிறகும் அந்த முதுகு மாறவில்லை. ஆடு, மாடு, மான் எல்லாம் திமிங்கலத்துக்கு ஒருவகையில் பங்காளிகள். இன்று உயிரோடு இருப்பவற்றில் மிக நெருங்கியது நீர்யானை.

இதற்கு ஒரு முக்கியமான சாட்சி நம் நாட்டிலேயே கிடைத்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த பாறைகள் பல வருஷம் உடைக்கப்படாமலே இருந்தன. அவர் காலமான பிறகு, தைவிசன் என்ற ஆய்வாளரிடம் அவை போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தபோது உள்ளே காது எலும்பு தெரிந்தது. அது திமிங்கலத்துக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட வடிவம். ஆனால் மண்டையோடோ பூனை அளவு இருந்த, குளம்புள்ள ஒரு விலங்கினுடையது. இந்தோஹையஸ் என்று பெயர். சுமார் 480 லட்சம் வருஷத்துக்கு முந்தையது. 2007இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ஆட்டுக்குட்டி ஒன்று பிள்ளைகளின் மடியில் இருந்தால் இன்னும் நல்லது.

4. மூக்கு

17ஆவது அடியில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு பிறைக்கீற்று. இவை நாசித் துளைகள். நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு. பல்லுள்ள திமிங்கலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் (டால்பின்) ஒன்றுதான்.

படங்களில் தலையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது போலப் போடுவார்கள். அது வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் இல்லை, மூச்சுக் காற்று. மார்கழிக் காலையில் வாய் திறந்தால் புகை வருகிறதே, அதேதான். அந்த மூச்சு 30 அடி உயரம் எழும்பும். கயிற்றில் 30 அடியை அளந்துகொண்டு பக்கத்துத் தென்னையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

5. வாயும் பன்னாடையும்

தலை மட்டுமே உடம்பில் கால்வாசி, மூக்குமுனையிலிருந்து 25 அடி வரை. அதற்குள் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் போன வருஷம் முப்பத்தொரு பேர் உட்கார்ந்தோம், இன்னும் இடம் இருந்தது.

இப்போது சென்னாக்கூனியை ஆளுக்கு ஒன்று கொடுங்கள். இந்தப் பேருடம்பின் சாப்பாடு ஏறக்குறைய இதுதான். கிரில் என்ற கூனி போன்ற உயிரி; அண்டார்டிகாவில் இருப்பது பெரிதானாலும் ஆறு சென்டிமீட்டர்தான். ஒரு நாளைக்குப் பல டன் தின்னும். பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான தகடுகள் வரிசையாகத் தொங்கும், உள்பக்க ஓரம் நாராகப் பிரிந்திருக்கும். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான்.

பன்னாடையை இங்கே எடுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் சென்னாக்கூனியைப் போட்டுப் பன்னாடை வழியாக ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் போகும், கூனி தங்கும். திமிங்கலம் கடலோடு கூனியை வாயில் அள்ளி, நாக்கால் தண்ணீரைத் தள்ளி, தங்கியதை விழுங்குகிறது. தொண்டை ஒடுக்கமானது, மனிதரை அதனால் விழுங்க முடியாது. பெயரைப் பாருங்கள்: 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது என்பதால்தான் வடமொழியில் திமிங்கிலம் என்று வைத்தார்கள். வைத்தவர்கள் இந்தக் கூனியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

6. இதயம்: இங்கே அவசரப்படாதீர்கள்

25ஆவது அடிக்கும் 30க்கும் நடுவே சிவப்புப் பொடியால் இதயம். ஐந்தடி நீளம், நாலடி அகலம், அதற்குமேல் வேண்டாம். "கார் அளவு இதயம், ரத்தக் குழாயில் குழந்தை நீந்தலாம்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். 2014இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரை ஒதுங்கிய நீலத் திமிங்கலத்தின் இதயத்தை எடுத்துப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் எடை சுமார் 180 கிலோ. கார் இல்லை. ஆனாலும் ஐந்தாவது படிக்கும் பெண் அதற்குள் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு உண்மை அளவைச் சொல்வதே எனக்கு நல்லதாகப் படுகிறது. அதிசயம் அதிலேயே போதுமான அளவு இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் தங்கள் மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிஷம் எண்ணட்டும். வயலில் ஓடிவந்த பிள்ளைகளுக்கு நூறு வரை போகும். எண்ணி முடித்ததும், "இப்போது ஆழத்தில் முங்கிய திமிங்கலத்தின் நாடியை எண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டைத் தட்டுங்கள். காத்திருங்கள். கடிகாரத்தில் முப்பது நொடி போனதும் இன்னொரு தட்டு. அவ்வளவுதான், ஒரு நிமிஷம் முடிந்தது. கருவி ஒட்டி அளந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. அதில் ஆழத்தில் இருக்கும்போது நிமிஷத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்கியது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 25 முதல் 37 வரை ஏறியது.

அந்த முப்பது நொடிதான் இந்தச் சாயங்காலத்தில் எனக்குப் பிடித்த நேரம். வாய் ஓயாத பையன்கள்கூடப் பேச மாட்டார்கள். போன வருஷம் ஒரு சின்னவன் பாதியில் என் கையைப் பிடித்து, "அத்தை, செத்துப்போச்சா?" என்று கேட்டான். இரண்டாவது தட்டு விழுந்ததும் சிவப்புப் பொடியைத் தொட்டுப் பார்த்தான்.

7. குட்டி

தாயின் பக்கத்தில் 23 அடிக்கு ஒரு குட்டி. பிறக்கும்போதே அந்த அளவு. நாளுக்கு 200 லிட்டர் வரை பால் குடிக்கும். பால் சொசைட்டிக்குப் போகும் 40 லிட்டர் கேன் ஐந்து. நாளுக்கு 90 கிலோ எடை கூடும். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை, அதாவது சிப்பம், 40 கிலோ; இரண்டு சிப்பம் தினமும் உடம்பில் ஏறி, மேலே பத்துக் கிலோ. தாய் 150 டன் என்றால் 3,750 சிப்பம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், சிப்பம் தூக்கும் அப்பா வீட்டில் இருக்கிறவர்கள் முதலில் போட்டுவிடுவார்கள்.

8. எரு

வாலுக்குப் பின்னால் சிவப்புப் பொடியை அள்ளித் தூவுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். திமிங்கலத்தின் சாணம் செம்மை நிறம், கிரில் தின்பதால். அதில் இரும்புச் சத்து நிறைய. திமிங்கலம் ஆழத்தில் தின்று, மேலே வந்து போடுகிறது. மேல்மட்டத் தண்ணீரில் வெயில் இருக்கிறது, இரும்பு கிடைத்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றைக் கிரில் தின்கிறது. கோடையில் நம் வயலில் ஆட்டுக்கிடை போடுகிறோம் இல்லையா, கடலுக்குக் கிடை போடுவது திமிங்கலம். கடந்த நூற்றாண்டில் எண்ணெய்க்காக அவற்றை லட்சக்கணக்கில் கொன்று தீர்த்தார்கள். நீலத் திமிங்கலத்தை வேட்டையாடக் கூடாது என்று 1966இல்தான் சர்வதேச அளவில் தடை வந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

பெரிய பிள்ளைகள் யாராவது, பேப்பரில் வரும் 'திமிங்கல வாந்தி' பற்றிக் கேட்பார்கள். அம்பர் என்கிற அந்தப் பொருள் இந்தத் திமிங்கலத்தில் உண்டாவதில்லை. பல்லுள்ள எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், அது தின்ற கணவாய்களின் அலகைச் சுற்றி உண்டாகிறது. நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நிஜத் திமிங்கல எலும்பைப் பார்க்க ஆசைப்பட்டால் தஞ்சாவூர் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது.

9. மேலிருந்து ஒரு படம்

தரையில் நின்றால் முழுசாகத் தெரியாது. பக்கத்தில் மாடிவீடு இருந்தால் மொட்டை மாடி போதும். எங்களுக்கு இல்லை, அதனால் தேங்காய் பறிக்க வரும் அண்ணனிடம் போனைக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் எல்லோரும் உடம்பின் ஓரக் கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும், அப்போதுதான் படத்தில் அளவு புரியும்.

போன வருஷம் அவர் மேலே போய்க் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்ப்பா, இம்மாம் பெரிசு எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார். முப்பது கைகள் ஒரே நேரத்தில் தென்கிழக்கே நீண்டன.