வாடகைக் கணக்கை நேராக்கிய விதம்

முதலீட்டுக்காக முதல் வீடு தேடியபோது என்னைத் திணறடித்தது விலை அல்ல, வாடகைதான். தரகர் சொல்லும் வாடகையை வைத்துப் பார்த்தால் எந்த வீடும் லாபமாகவே தெரியும்.

அதனால் அதே தெருக்களில் குடியிருப்பவர்களிடமே வாடகை விசாரித்தேன். விளம்பரத்தில் கேட்கும் தொகை வேறு, கடைசியில் படிகிற தொகை வேறு. எந்த வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது, ஏன் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்த ‘ஏன்’ எந்த விளம்பரத்திலும் வராது.

அப்புறம் கணக்கு. விலை 100, ஆண்டு வாடகை 6 என்று வையுங்கள். விளம்பரம் இதை 6 சதவீதம் என்று சொல்லும். ஒரு மாதம் காலியாக இருந்தால் வாடகை 5.5 ஆகிவிடும். பராமரிப்பு, வரி, காப்பீட்டுக்கு 1.5 போனால் மிச்சம் 4. பதிவுச் செலவும் பழுதுபார்ப்பும் சேர்ந்து வீடு 110-இல் முடிந்தால், வருமானம் சுமார் 3.6 சதவீதம்தான். மொத்தச் செலவையும் கடனில் போட்டு, வட்டி விகிதம் இதைவிடக் கூடுதல் என்றால் வாடகை மட்டும் வட்டியைத் தாங்காது. இந்தச் சல்லடையில் பெரும்பாலான வீடுகள் விழுந்துவிட்டன, நல்லதுதான்.

மிஞ்சியது சுமாரான தோற்றமுள்ள, ஏற்கெனவே ஆள் குடியிருந்த வீடு. பத்திரங்களை வக்கீல் பார்த்தார். வாடகை உண்மையில் வந்ததற்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்டு வாங்கினேன். குடியிருப்பவர் கொடுத்திருந்த முன்பணத்தை நாளை நான்தானே திருப்பித் தர வேண்டும்? அதை விலையில் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம்.